லயம் 7, காம்பரா 3

நில அளவைக் கந்தோரிலிருந்து ஆள் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சிவபாக்கியத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? பன்னிரண்டு வருடமாகத் தகரக் கொட்டிலுக்குள் கிடந்து வெந்தவள். வீட்டுத்திட்டம் வருகிறது என்று சொல்லிப் பேர் எழுதிக்கொண்டு போனவர்களின் கொப்பிகளை அடுக்கியிருந்தாலே ஒரு வீடு எழும்பியிருக்கும். இந்த முறை உண்மையாகவே வந்துவிட்டது. காணி அவளுடையதுதான் என்று அளந்து, படம் கீறி, வெள்ளிக்கிழமைக்குள் நானாட்டான் பிரதேச செயலகத்தில் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் அத்திவாரம் வெட்டலாம் என்றார்கள்.

அவளுக்கென்ன, ஐம்பத்தெட்டு வயதுக்காரி, தகரத்துக்குள்ளேயே மிச்ச நாளையும் ஓட்டிவிடுவாள். வீடு வேண்டியது கீர்த்திகாவுக்கு. ஒரே மகள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எட்டு மாதக் குழந்தையாக வள்ளத்தில் இராமேஸ்வரம் கரையில் இறக்கப்பட்டவள், இன்றைக்கும் தமிழ்நாட்டு முகாமில்தான் இருக்கிறாள். கலியாணம் கட்டியதும் அங்கே, இரண்டு பிள்ளைகளைப் பெற்றதும் அங்கே. சிவபாக்கியம் செத்துப்போன புருசனை அந்த முகாமில் எரித்துவிட்டு 2012இல் தனியாக ஊர் திரும்பியபோது, கல்வீடு ஒன்று கட்டிவிட்டுக் கூப்பிடு, வருகிறேன் என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இவள் இத்தனை காலம் உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் அது பொய்யில்லை.

சிவபாக்கியமோ இந்த ஊர்க் கரையில் பிறந்தவள் அல்ல. மலைநாட்டுக்காரி. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டு ஓடிவந்த குடும்பம். தகப்பன் சரவணமுத்துவுக்குச் சிப்பிக்குடாவில் கால் ஏக்கர் காணிக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. அதுவரை கடலையே கண்டிராத மனிதர். முதல் நாள் கரையில் நின்று, இவ்வளவு தண்ணியையும் யார் பாய்ச்சி விட்டது என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி மீனவர்கள் ஒரு மாதம் சிரித்தார்கள்.

சிப்பிக்குடா வாயகன்ற குடா. மேற்கே திறந்து கிடக்கும். ஆனாலும் அந்த நாளில் உள்ளே அலை என்று பெரிதாக இருந்ததில்லை. குடாவின் வாய்க்குக் குறுக்கே கடலுக்குள் ஒரு பார் கிடந்தது. பார் என்றால் உயிருள்ள முருகைக்கல், அதாவது பவளப்பாறை மேடு. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் வருகிற பேரலையெல்லாம் அதில் மோதி உடைந்து, கரைக்கு வரும்போது நாய்க்குட்டி நக்குவதுபோல வந்து போகும். அந்த நம்பிக்கையில்தான் கரையிலிருந்து உள்நோக்கி வரிசையாகப் பன்னிரண்டு காணித்துண்டுகள் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். சரவணமுத்துவின் துண்டு ஆறாவது. அதற்கு உள்ளே, ஒன்பதாவது துண்டு, மீன்பிடிக் குடும்பத்துப் பெடியன் அருளப்பனுடையது.

சரவணமுத்து முதல் செய்த வேலை கிணறு. வளையம் வளையமாகச் சீமெந்தில் வார்த்து இறக்கினார். மேல் வளையம் ஈரமாக இருக்கும்போது ஓர் ஆணியை எடுத்து அதில் எழுதினார்: லயம் 7, காம்பரா 3. தோட்டத்தில் அவர்கள் இருந்த லயத்தின் இலக்கமும் அறையின் இலக்கமும். பிறந்ததிலிருந்து அந்த மனிதருக்கு இருந்த ஒரே விலாசம் அதுதான். அருளப்பன் வந்து பார்த்துவிட்டு, இங்க லயம் எங்க மாமா இருக்கு என்று சிரித்தான். விலாசம் இல்லாத வீட்டுக்குக் கடுதாசி எப்படித் தம்பி வரும் என்று இவர் திருப்பிக் கேட்டார். பதின்மூன்று வயதுச் சிவபாக்கியம் பக்கத்தில் நின்று தும்மியதில் ஆணி வழுக்கி, கடைசி மூன்றுக்கு நீளமாக ஒரு வால் விழுந்துவிட்டது. அதற்கு ஒரு குட்டும் வாங்கினாள்.

இவ்வளவும் பழைய கதை. 2012இல் திரும்பி வந்தபோது அந்தக் கிணறு எங்கே, காணி எங்கே என்று ஒன்றும் புரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் உடைமரம் காடாக மண்டிக் கிடந்தது. கடலோ நன்றாக உள்ளுக்கு வந்துவிட்டது. அருளப்பன்தான், அப்போது அவனும் நரைத்துப்போய் அருளப்பன் அண்ணையாகிவிட்டான், கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு காணியைக் காட்டினார். முன்துண்டுகளைக் கடல் எடுத்துப்போட்டது, என்ர காணியும் போய்விட்டது, உங்கட துண்டு தப்பிவிட்டது தங்கச்சி என்றார். கிணற்றில் அப்பாவின் எழுத்து இல்லையே என்று கேட்டாள். மேல் வளையம் செல்லடியில் உடைந்துபோனது, புதிது போட்டது என்றார். பதிவெல்லாம் யுத்தத்தில் தொலைந்துபோன காலம். அவர் வாய்ச்சொல்தான் உறுதி. கிராமத்து ஆட்களும் ஓம் என்று தலையாட்டினார்கள். சிவபாக்கியம் அந்த மண்ணில் விழுந்து பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டாள்.

குடாவுக்குள், கரையிலிருந்து ஐம்பது யார் தூரம் தள்ளி, கடல் வற்றுகிற நேரத்தில் ஒரு கறுத்தக் கட்டை தெரியும். வெளியே தெரிகிற நேரமெல்லாம் நாலைந்து நீர்க்காகம் அதில் சிறகு உலர்த்திக்கொண்டிருக்கும். அது என்ன என்று கேட்டபோதும் அருளப்பன்தான் விளக்கம் சொன்னார். வெள்ளைக்காரன் முத்துக் குளித்த காலத்தில் வள்ளம் கட்டுவதற்குக் கட்டிய தூணாம். சிவபாக்கியம் அதை அப்படியே நம்பினாள். நம்பினதோடு விட்டாளா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடாவின் புவியியலும் வரலாறும் என்று கொப்பி எழுத வந்தபோது, கதிரை போட்டு இருத்தி, அந்தத் தூணின் வரலாற்றை அரைமணித்தியாலம் சொல்லியும் கொடுத்தாள். அந்தக் கொப்பிக்குப் பரிசும் கிடைத்தது.

புதன்கிழமை காலை டிலோஜினி என்ற இளம் நில அளவையாளர் வந்து இறங்கினாள். கூட இரண்டு உதவியாட்கள், ஒரு முக்காலி, ஒரு நீண்ட கம்பு, கொழும்பில் தேடி எடுத்த பழைய படம். கோயிலடியில் புதைந்து கிடந்த அளவைக் கல்லைக் கிண்டி எடுத்து அங்கிருந்து தொடங்கினார்கள். சிவபாக்கியம் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு வேலியோரம் நின்றாள். கம்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் பிள்ளை அவள் காணியைத் தாண்டிப் போனது, கரையைத் தாண்டிப் போனது, பிறகு காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு கடலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. கடலுக்கும் வீட்டுத்திட்டம் குடுக்கப்போகினமோ என்று சிவபாக்கியம் உதவியாட்களிடம் பகிடி விட்டாள். அவர்கள் சிரிக்கவில்லை.

அருளப்பன் அன்றைக்கு இந்தப் பக்கமே வரவில்லை. தன் வள்ளத்தடியில், தைப்பதற்கு ஒன்றுமில்லாத வலையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தார். அதுவும் அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

டிலோஜினி இடுப்பளவு நனைந்து திரும்பி வந்தாள். தேத்தண்ணியைத் தொடவில்லை. போனை நீட்டினாள்.

"அம்மா, ஒண்டு கேக்கவேணும். இந்த ஊரில லயம், காம்பரா எண்டு ஏதும் இருந்ததோ?"

படத்தில் பாசி பிடித்த சீமெந்து. சுரண்டி எடுத்த இடத்தில் கோணல் எழுத்து. லயம் 7, காம்பரா 3. மூன்றுக்கு ஒரு நீண்ட வால்.

சிவபாக்கியத்துக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. அந்தப் பிள்ளையின் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. இது எங்கே எடுத்தது என்று தான் கேட்டதாக அவளுக்கு நினைவு. டிலோஜினி கையை நீட்டிக் கடலைக் காட்டினாள். அந்தக் கறுத்தக் கட்டை. நீர்க்காகங்கள் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன. வெள்ளைக்காரனும் கட்டவில்லை, முத்துக் குளிக்கவும் கட்டவில்லை. சுற்றியிருந்த மண்ணையெல்லாம் கடல் அள்ளிக்கொண்டு போக, கிணறு மட்டும் போகமாட்டேன் என்று நட்டுவைத்த மாதிரி நின்றிருக்கிறது. பன்னிரண்டு வருடமாக விடிய எழும்பிப் பல்லு விளக்கும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது தன் சொந்தக் கிணற்றை.

டிலோஜினி படத்தை விரித்து விரலை வைத்து மெதுவாகச் சொன்னாள். முதல் ஏழு துண்டும் கடலுக்குள் போய்விட்டன. எட்டாவது துண்டுதான் இப்போது வள்ளங்கள் நிற்கிற மணல். அம்மா இருப்பது ஒன்பதாவது துண்டில்.

"ஒன்பதாம் துண்டு ஆற்ற பேரில பிள்ளை இருக்கு?"

"அருளப்பன் எண்டு போட்டிருக்கு, அம்மா."

சிவபாக்கியம் அப்படியே மண்ணில் குந்திவிட்டாள். ஒன்றன்பின் ஒன்றாக வந்து அறைந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், பாவம் காணி போன மனிசன் என்று, பத்துத் தேங்காய் பிடுங்கி அருளப்பனுக்குக் கொடுத்திருக்கிறாள். அவருடைய மரத்துத் தேங்காயை அவருக்கே. அவரும் இரண்டு கையாலும் வாங்கி, பெரிய உபகாரம் தங்கச்சி என்று சொல்லிப் போயிருக்கிறார். அவருடைய ஆடு வேலிக்குள் வந்ததற்கு வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். வலை காயப்போட்டதற்குக் கிராம அலுவலரிடம் போய் முறைப்பாடே எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த மனிதர் ஒரு சொல் பேசாமல் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார். போனது எங்கே? கோயில் காணியில் ஒரு கிடுகுக் கொட்டிலுக்கு. அவர் மனுசி திரேசம்மா பன்னிரண்டு வருடமாக இவளோடு முகம் கொடுத்துப் பேசாததற்கும் காரணம் இப்போது தெரிந்தது. வேதக்காரிக்குத் தலைக்கனம் என்றல்லவா இவள் நினைத்திருந்தாள்.

ஊரே தெரிந்து வைத்திருந்திருக்கிறது. அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாகக் கிளம்ப, எழும்பி நேரே வள்ளத்தடிக்கு நடந்தாள். டிலோஜினியும் பின்னால் ஓடி வந்தாள்.

"எப்ப தொடக்கம் உங்களுக்குத் தெரியும்?"

அருளப்பன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள் வந்து இறங்கின அண்டைக்கே தெரியும், தங்கச்சி."

"பிறகென்னத்துக்கு இந்தக் காணிப்பிச்சை? நான் உங்களிட்டக் கேட்டனானோ?"

கொட்டிலடியிலிருந்து திரேசம்மா வந்துவிட்டாள். அவளுக்கும் பன்னிரண்டு வருட ஆத்திரம் இருந்தது. எனக்கு மட்டும் இரவிரவாகச் சொல்லி அழுதது போதும், சொல்லவேண்டிய ஆளுக்கு இப்ப சொல்லுங்கோ என்றாள்.

அப்போதுதான் அருளப்பன் தலையை நிமிர்த்தினார்.

"உங்கட காணியைக் கடல் எடுக்கேல்லை, பாக்கியம். நாங்கள்தான் எடுத்தனாங்கள்."

பிறகு சொன்னார். சிவபாக்கியத்தின் குடும்பம் இந்தியாவுக்குப் போனதற்கு அடுத்த வருடங்கள். கடலுக்குப் போகத் தடை. வள்ளம் இறக்க முடியாது, நடந்து போகிற தூரத்துக்குமேல் தண்ணீரில் கால் வைக்க முடியாது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. வற்றுக்கடலில் நடந்தால் பார் வரைக்கும் போகலாம். சுண்ணாம்புச் சூளைக்காரன் கல்லுக்குக் காசு தருகிறேன் என்றான். அலவாங்குக் கம்பியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அருளப்பன்தான் முதலில் போனவர். நாலு வருடம் உடைத்தார்கள். தட்டி எடுத்த கல்லை மிதப்பில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து கரையில் குவித்தார்கள். லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

உடைக்கக் கூடாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. ஆனால் அந்தக் கல் உயிருள்ளது, முறித்தால் திரும்ப முளைக்கும் என்று அவருடைய அப்பர் சொல்லியிருந்தார். அதுவும் பொய்யல்ல. சின்ன வயதில் அவரே கொப்பு முறித்துவிட்டு அடுத்த வருடம் போய்ப் பார்த்திருக்கிறார், ஒரு விரல் நீளம் வளர்ந்திருந்தது. கீரைப்பாத்தி மாதிரி நினைத்துவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு விரல் வளர்வதை நாளுக்கு நாலு பாக நீளத்துக்கு உடைத்தார்கள். ஐந்தாம் வருடக் கச்சானில் அலை உடையாமல் நேரே உள்ளே வந்தது. முதலாம் துண்டு, இரண்டாம் துண்டு என்று எண்ணி எண்ணிக் கொண்டுபோனது. ஆறாம் துண்டு போன அன்று அருளப்பன் கரையில் நின்றாராம். வீடு விழுந்தது, பிலாமரம் விழுந்தது, கிணறு மட்டும் விழவில்லை. தண்ணீருக்கு மேல் அந்த எழுத்துத் தெரிந்துகொண்டே இருந்தது.

"விலாசம் மாதிரியே எழுதியிருந்தவர் உங்கட அப்பா. ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் நான் வள்ளம் கொண்டு போகவேணும். நீங்கள் வந்து காணி எங்க எண்டு கேக்க, எனக்கு வேற ஒண்டும் வாயில வரேல்லை."

அவரை அடிக்கவா, அவர் கையைப் பிடித்து அழவா என்று சிவபாக்கியத்துக்குத் தெரியவில்லை. அடிக்க ஓங்கினால் தேங்காய் வாங்கின இரண்டு கை ஞாபகம் வந்தது. அழுவோம் என்றால் அப்பா நட்ட பிலாமரம் கடலில் விழுகிற சத்தம் கேட்டது. இப்படி ஒரு மனிதரை என்ன செய்வது? மன்னிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அருளப்பன் டிலோஜினியின் பக்கம் திரும்பினார். ஒன்பதாம் துண்டுக்குப் பாக்கியத்தின் பேரையே எழுதுங்கோ என்றார். அது முடியாது, அனுமதிப்பத்திரக் காணியை உறவில்லாத ஆளுக்குக் கொடுக்க இடமில்லை என்றாள் அவள். கடலில் காணி போனவர்கள் மாற்றுக்காணிக்கு எழுதிப் போடலாம். முருங்கன் பக்கம் எங்காவது கிடைக்கக்கூடும். எப்போது என்று அவளால் சொல்ல முடியாது.

அப்படியென்றால் இலக்கம் மாறிப்போய்விட்டது என்று எழுதுங்கோ, இதுதான் ஆறாம் துண்டு, நானே சத்தியம் செய்து கையெழுத்து வைக்கிறேன் என்றார் அருளப்பன். என்ர பத்திரத்தை நான் எப்பவோ எரித்துவிட்டேன், கேட்டு வர ஒருத்தரும் இல்லை. டிலோஜினி படத்தைத் திரும்பவும் விரித்தாள். பழைய படம், கல்லும் ஒன்றுதான் அகப்பட்டது, இலக்கம் பிழை என்று இரண்டு பக்கமும் ஒப்பம் வைத்தால் மேலே அனுப்பிப் பார்க்கலாம் என்றாள். ஆனால் சிவபாக்கியமும் எழுதித் தரவேண்டும். அந்தக் கடல் கிணறு தன்னுடையதல்ல என்று. பன்னிரண்டு மணிக்குள் யோசித்துச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டு, முக்காலியைச் சுருட்டுகிற சாட்டில் விலகிப் போனாள்.

ஒரே ஒரு கையெழுத்து. வைத்தால் கல்வீடு, கீர்த்திகா, இரண்டு பேரப்பிள்ளைகள். வைக்காவிட்டால் இந்தத் தகரக் கொட்டில் நிற்கிற மண்ணும் அவளுடையதில்லை.

சிவபாக்கியம் போனைப் பொலித்தீன் பையோடு சட்டைக்குள் செருகிக்கொண்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலுக்குள் இறங்கினாள். தங்கச்சி, அங்கால பள்ளமிருக்கு என்று அருளப்பன் பின்னால் ஓடிவந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது. ஏழாம் துண்டைத் தாண்டுகிறோம் என்று நினைத்தாள். நீர்க்காகங்கள் எழும்பிப் பறந்தன. கிணற்றை இரண்டு கையாலும் பிடித்தாள். சிப்பி கையைக் கிழித்தது. எழுத்தின்மேல் விரலை வைத்து, லயம், ஏழு, காம்பரா, மூன்று என்று ஒவ்வொன்றாகத் தடவினாள். மூன்றின் வாலுக்கு வந்ததும் உச்சந்தலையில் அந்தக் குட்டு விழுந்தது.

எட்டிப் பார்த்தாள். வளையங்களுக்குள்ளே தண்ணீர் ஆடாமல் கிடந்தது. இதை எனக்குத் தெரியாது, இது என் அப்பா இல்லை என்று எழுதித் தரவேண்டும்.

பின்னால் இடுப்பளவு தண்ணீரில் மூச்சு வாங்கிக்கொண்டு அருளப்பன் நின்றார்.

"அந்தப் பிள்ளையிட்டச் சொல்லுங்கோ அண்ணை," என்றாள் அவரைப் பார்க்காமல். "ஒன்பதாம் துண்டுக்கு உங்கட பேரை எழுதட்டும். திரேசம்மா அக்காவைக் கொண்டுவந்து கல்வீட்டில இருத்துங்கோ. ஆறாம் துண்டுக்கு என்ர பேரை எழுதட்டும்."

"ஆறாம் துண்டில எங்க தங்கச்சி வீடு கட்டிறது?"

சட்டைக்குள் போன் அடித்தது. அளக்கிற நாள் என்று தெரிந்து கீர்த்திகா எடுக்கிறாள். பொலித்தீனுக்கு மேலாலேயே விரலை இழுத்ததும் மகளின் முகம் வந்தது, பின்னால் முகாமின் நீலச் சுவர், இரண்டு பிள்ளைகளும் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தன.

"அம்மா, அளந்துட்டாங்களா? எங்கம்மா நிக்கிறீங்க? சுத்தியும் தண்ணியா இருக்கு, கடல்லயா நிக்கிறீங்க?"

சிவபாக்கியம் போனைத் திருப்பி அப்பாவின் எழுத்தைக் காட்டினாள். மகளுக்கு அது தெரிந்ததோ என்னவோ.

"கடலில்லை பிள்ளை," என்றாள். "எங்கட காணிக்குள்ளதான் நிக்கிறன்."